ஜோ லூயிஸ் என்பது தவறான விடையா?

மதிப்பிற்குரிய குத்துச்சண்டைப் பயிற்சிக் கூட நிர்வாகிகளுக்கும் விநாடி வினா நடுவர்களுக்கும்,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் நம் ஆண்டு விழாவில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் மேடையில்தான் இருந்தீர்கள். "ஹெவிவெயிட் என்னும் அதிக எடைப் பிரிவுச் சாம்பியன்களில் தலைசிறந்தவர் யார்?" என்ற கடைசிக் கேள்விக்கு என் பேத்தி "ஜோ லூயிஸ்" என்றாள். காரணம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் "தவறு, ராக்கி மார்சியானோ" என்று மைக்கில் அறிவித்து, பரிசை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டீர்கள்.

பரிசு ஒரு தண்ணீர் பாட்டில். அதற்காக இந்த மடலை எழுதவில்லை. பழைய பஸ் நிலையத்தில் ஏறி அம்மாபேட்டை வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறைக்குள் சுற்றும் துணிப்பட்டையை மடியில் வைத்து இறுக்கிச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். இறங்கும்போது, "அவர் 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றினார்தானே, தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பட்டை தறிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறாள்.

காப்பாற்றினார் என்பது உண்மை, ஐயா. 1937 முதல் 1949 வரை, கிட்டத்தட்ட 12 ஆண்டுகள் பட்டம் அவரிடமே இருந்தது. 25 என்ற எண்ணிக்கையை இன்றுவரை வேறெந்த ஹெவிவெயிட் வீரரும் எட்டவில்லை. 1915-இல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 22 ஆண்டுகள் கறுப்பின வீரர்களைப் பட்டப் போட்டிக்கே சேர்க்காமல் வைத்திருந்தார்கள். அந்தக் கதவு லூயிஸுக்குத்தான் திறந்தது. 1936-இல் தன்னை வீழ்த்திய ஜெர்மன் வீரர் ஷ்மெலிங்கை 1938-இல் முதல் சுற்றிலேயே சாய்த்தார். 13 வயதுப் பிள்ளை இவ்வளவையும் படித்துக்கொண்டு உங்கள் முன் வந்து நின்றாள். ஒரு நிமிடம் கேட்டிருக்கலாமே.

மார்சியானோவை நான் குறைத்துப் பேசவில்லை. 49 போட்டிகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நாக் அவுட். 1952-இல் அப்போதைய சாம்பியன் வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கி நின்று, 13-ஆவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் பட்டத்தைப் பறித்த வீரர் அவர். ஆனால் அன்று வால்காட்டுக்கு 38 வயது. அதற்கு முந்தைய ஆண்டு மார்சியானோ வென்றது இதே ஜோ லூயிஸைத்தான். லூயிஸுக்கு அப்போது 37 வயது. தோல்வியே காணாததுதான் அளவுகோல் என்றால், 48 வெற்றிகளுக்குப் பிறகு 1985-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளிகளில் தோற்றாரே லாரி ஹோம்ஸ், அவர் ஏழு ஆண்டுகள் சாம்பியனாக இருந்தது அந்த ஒரே இரவில் அழிந்துவிடுமா? பயிற்சிக் கூடச் சுவரில் நீங்கள் படம் வரைந்து வரிசைப்படுத்தியிருக்கும் பத்துச் சாம்பியன்களில் ஹோம்ஸ் பெயரையே காணோம்.

என்னைக் கேட்டால் முகமது அலிதான் முதல். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, இரவு ரயிலேறிப் போய்ப் பார்த்தவன் நான். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 25 வயதில் பட்டத்தைப் பறிகொடுத்து, மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியாமல் இருந்து, 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அன்றைய சாம்பியன் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்தியவர் அவர். ஐந்து தோல்விகள் அவர் கணக்கில் உண்டு. என் கண்ணில் அவை ஒரு குறையே இல்லை. இதைச் சொல்லி நானும் பேத்தியும் எத்தனை இரவு வாதாடியிருக்கிறோம்! அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நானும் ஒருநாளும் அவளைத் தவறு என்று சொன்னதில்லை.

அவள் விடைக்குரிய மதிப்பெண்ணைக் கொடுங்கள். சுவரில் ஒன்று முதல் பத்து வரை போட்டிருக்கும் அந்த வரிசை எண்களை அழியுங்கள். படங்கள் இருக்கட்டும்.

அந்தச் சுவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடைக் கயிறு தொய்ந்து ஓராண்டாகிறது. முப்பது பிள்ளைகளுக்கு நான்கு ஜோடிக் கையுறைகள். ஒருவர் வியர்வை காயும் முன்பே அடுத்தவர் கையை நுழைக்கிறார். பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை இல்லை; தாய்மார்கள் சேலையை விரித்து மறைப்பாகப் பிடிக்கிறார்கள். கேட்டால் நிதி இல்லை என்கிறீர்கள். பத்து முகங்களை வண்ணத்தில் வரைய மட்டும் நிதி எங்கிருந்து வந்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது அவளுடைய விடைக்கு மதிப்பெண். வரும் ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது சொல்லி அவளை அழைத்து வருகிறேன். அதே மைக்கை அவளிடம் கொடுத்து, அன்று நீங்கள் பாதியில் நிறுத்திய காரணத்தை முழுதாகச் சொல்ல விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மார்சியானோவுக்காகப் பேச விரும்புகிறவர்கள் எழுந்து பேசட்டும். அலிக்காக நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாத்தா