கால்வாய் ஓரத்துக் கடை பற்றி மகளுக்கு

பெங்களூரு, ஈஜிபுரா

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சாக்கடை ஓரத்து மளிகைக் கடையை இன்னும் ஏன் கட்டி அழுகிறீர்கள் என்று நீ தொலைபேசியில் கேட்டாய். கட்டடத்தை விற்கப் போவதாகவும், முதலில் நம்மைக் கேட்டுவிட்டே மற்றவரிடம் பேசுவதாகவும் கட்டட உரிமையாளர் சொல்லியிருக்கும் இந்த நேரத்தில் அதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

திருக்கோவிலூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த உன் தாத்தாவுக்குக் கடை வைக்கும் ஆசை இருந்ததே தவிர, கையில் முதல் இல்லை. பெரிய சாலையில் கேட்ட முன்பணத்தில் பாதியைக்கூடப் புரட்ட முடியாததால், மழைக்காலத்தில் குடியிருக்க எவரும் அஞ்சிய ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையை, நீ சாக்கடை என்கிற ராஜகால்வாயின் கரையிலே, 1970களில் வாடகைக்குப் பிடித்தார். கால்வாய் அங்கே ஓடியதால்தான் நமக்குக் கடை கிடைத்தது. அதே கரையில் குடிசை போட்டிருந்த சித்தாள்களும் கொத்தனார்களும்தான் நம் முதல் வாடிக்கைக்காரர்கள்.

ஒரு காலத்தில் ஏரிக்கு ஏரி உபரி நீரைக் கொண்டுசென்ற கால்வாய் அது. மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி, சாந்திநகர், கோரமங்கலா வழியாகப் பெல்லந்தூர் ஏரியில் விழுந்து, வர்த்தூர் ஏரியைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. அந்தத் தென்பெண்ணைதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டித் திருக்கோவிலூருக்கும் போகிறது. இதைக் கேள்விப்பட்ட நாள்முதல், கடை கழுவிய தண்ணீரை ஊருக்கு அனுப்புகிறேன் என்று தாத்தா வேடிக்கையாகச் சொல்வார். ஓசூருக்கு அருகே அதே ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தியைப் பார்க்கும்போது, அந்த வேடிக்கைக்கு இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாகி, சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாகி, கோரமங்கலா ஏரி இருந்த இடத்தில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கென அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டபின், மழைநீர் தங்குவதற்கு வழியில் இடம் ஏது? ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தாலே கால்வாய் விளிம்பைத் தொட்டுவிடுகிறது. அதனால் கடையின் கீழ்த்தட்டில் எண்ணெய் டின்னும் தேங்காயும் மட்டுமே இருக்கும். பருப்பும் சர்க்கரையும் இடுப்புக்கு மேலே. அரிசி மூட்டைகள் சிமென்ட் கல் அடுக்கி அதன்மேல் போட்ட பலகையில். வேலைக்குச் சேரும் பையனுக்கு விலைகளைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஒருமுறை இரவோடு இரவாக நீர் புகுந்து, ஒரு மூட்டைக் கல்லுப்பில் காலையில் சாக்கு மட்டுமே மிச்சமிருந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தரையை உயர்த்தியதால் பரண் தலைக்கு இறங்கிவிட்டது. உன் அப்பா அதன் அடியில் குனிந்தே நடந்து பழகிவிட்டார், வீட்டிலும் நிலைப்படிக்குக் குனிகிறார்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது நீ பிறந்திருக்கவில்லை. அப்போதைய கட்டட உரிமையாளரான கன்னடப் பாட்டி, நாங்கள் அஜ்ஜி என்று அழைப்பவர், நம் தமிழ்ப் பலகையைத் தானே கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கதவு முன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் இது தன்னுடைய அங்கடி (கடை) என்று கன்னடத்தில் அதட்டி அனுப்பினார். அதன் பிறகு அஜ்ஜி வாங்கும் சாமான்களுக்குக் காசு கணக்கு எழுதக் கூடாது என்று தாத்தா கட்டளையிட்டார். அஜ்ஜியோ தன் சாமான்களுக்குத் தானே ஒரு நோட்டு வைத்து எழுதி, மாதம் பிறந்தால் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துவிடுவார்.

2013 ஜனவரியில் ஈஜிபுராவில் நலிந்த பிரிவினர் குடியிருப்பை இடித்தபோது எங்கள் கடன் நோட்டில் பல பக்கங்கள் ஒரே வாரத்தில் வராக் கடனாயின. அவர்களில் சிலர் பின்னர் ஊர் எல்லையிலிருந்து பேருந்து பிடித்து வந்து பாக்கியைக் கொடுத்தார்கள்; வராதவர்களைத் தேடிப் போக உன் அப்பாவுக்கு மனம் இல்லை.

இனி கட்டட விஷயம். கட்டடத்தை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பெரிய ராஜகால்வாய்களின் இருபுறமும் 50 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்று 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், அதை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்மைதான். ஆனால் 2022 வெள்ளத்துக்குப் பின் கால்வாய்களை ஒட்டிய ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியதைக் கண்ட பிறகு, நாளை எந்த அளவுகோல் வருமோ என்ற இடத்தில் ஆயுள் சேமிப்பைப் போட எனக்குத் துணிவில்லை. தாத்தா இருந்திருந்தாலும் வாடகைக் கடைக்காரராகவே இருந்திருப்பார் என்பது என் எண்ணம். புதிய உரிமையாளர் தொடரச் சொன்னால் தொடர்வோம்; மறுத்தால், இரண்டு தெரு மேட்டில் உன் அண்ணன் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறான், வாடகை இதைப்போல் இரு மடங்கு. அங்கே போனாலும் பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேராவது ஏறி வருவார்கள் என்று அப்பா கணக்குப் போடுகிறார். நான் அவ்வளவு நம்பவில்லை.

ஆகவே கடை வாங்குவதற்கென்று நீ பணம் அனுப்ப வேண்டாம். அண்ணன் தனியாகக் கேட்டால், அது பால், தயிர் வைக்கும் குளிர்பெட்டிக்காகத்தான் இருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா