பேரிடர்ப் படிப்பில் கண்மாய்க்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கைப் பேரிடர்கள், பருவநிலை மாற்றம் ஆகியவை குறித்த பட்டப்படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைவாய்ப்பை விரிவாக எழுதிய கட்டுரையாளர், மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பதை இரண்டே வரிகளில் முடித்துவிட்டார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், பெருமழைகள் வலுத்துவருவதற்கு இயற்பியலே விளக்கம் தருகிறது. ஆனால் 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்தது ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே. அதற்கே செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் கொள்ளாமல், எங்கள் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. குறுகிப்போன வாய்க்காலுக்கும் அதில் மண்டிய ஆகாயத்தாமரைக்கும் இதில் பங்கில்லையா? எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவது நிர்வாகத்துக்கு வசதிதான்; வானத்தின் மீது யாரும் வழக்குத் தொடர முடியாதல்லவா! எந்த வெள்ளத்தில் வானத்தின் பங்கு எவ்வளவு, நம்முடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்களை உருவாக்குவதே இப்படிப்பின் தலையாய வேலை என்பது என் கருத்து.

அதற்குச் செயற்கைக்கோள் படங்களும் கணினிக் கணிப்புகளும் மட்டும் போதா. வருவாய்த்துறையின் நில அளவைப் புலப்படத்தையும், ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று குறித்திருக்கும் அ-பதிவேட்டையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் வாய்க்கால் புறம்போக்கு என்றுள்ள இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று நாடா பிடித்து அளந்து பார்க்க வேண்டும். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், உபரிநீர் வெளியேறும் கலுங்கைத் தாண்டிய தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போய்ச் சேரும் என்பதை வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் மேலூர்ப் பக்கத்து நீர்பாய்ச்சி ஒருவர் மனப்பாடமாகச் சொல்வார். அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கருத்தரங்கில் உட்கார வைப்பதைவிட, மாணவர்களை அவரோடு கரையில் நடக்கவிடுவது மேல்.

இதற்குத் தடையாக இருப்பது தேர்வு அட்டவணை. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் பெருகும் நவம்பரில்தான் பெரும்பாலும் பருவத்தேர்வுகள் நடக்கின்றன. வெள்ளம் தெருவில் ஓடும்போது மாணவர் தேர்வறையில் அதற்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறார். மதுரை வட்டாரக் கல்லூரிகள் இப்படிப்பைத் தொடங்குவதாயின், இதற்கு மட்டுமாவது தேர்வை டிசம்பர் இறுதிக்குத் தள்ளி, அக்டோபர், நவம்பர் இரு மாதங்களையும் களப்பணிக்கு ஒதுக்குமாறு பாடத்திட்டக் குழுவினரைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
செல்லூர், மதுரை - 2.