பணியிலுள்ள தலைமையாசிரியர்களும் கல்வி அலுவலர்களும் குறைந்த செலவில் முனைவர் பட்டம் பெற வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள், கல்வி அலுவலர்கள் சார்பில்

பெறுநர்:
மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: பகுதிநேர முனைவர் பட்டப் படிப்பு – கட்டணச் சலுகை, படிப்பு விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் ஒன்பதாம் வகுப்பை எட்டாமலே நின்றுவிடுவது ஏன் என்பதை அன்றாடம் அருகிலிருந்து பார்ப்பவர் தலைமையாசிரியர். அந்தக் காரணத்தைச் சான்றுகளோடு நிறுவவும், கண்ட தீர்வு உண்மையிலேயே பயன் தருகிறதா என்று சோதிக்கவும் பயிற்றுவிப்பது முனைவர் பட்ட ஆய்வு. இந்த அனுபவமும் பயிற்சியும் ஒருவரிடமே சேர்வது அரிதாக இருப்பதால்தான் தங்களிடம் இம்மனுவை அளிக்கிறோம்.

முழுநேர ஆய்வில் சேர்ந்தால் ஊதியம் நின்றுவிடுகிறது. பகுதிநேரமாகச் சேர்பவருக்கோ உதவித்தொகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. பதிவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது செலுத்தும் கட்டணம் என அனைத்தையும் அவரே ஏற்க வேண்டியிருக்கிறது. ஆய்வு மாணவர் கட்டாயம் முடிக்க வேண்டிய பாடப்பணி வகுப்புகள் வேலைநாளில் நடப்பதால் ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்கிறது. அதே வாரத்தில் பள்ளியில் தேர்வு நடந்தால் அந்த விடுப்பும் கிடைக்காது. பணம் கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்கள் வளாகத்துக்கு வெளியே திறப்பதில்லை என்பதும், இரவில் வீட்டில் அமர்ந்து படிப்பவருக்குச் சிறிய தடையன்று.

கல்வித் துறையினருக்கு ஏற்ற முனைவர் படிப்புக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கல்வித் துறைக்கெனத் தனி முனைவர் பட்டத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920-களின் தொடக்கத்திலேயே ஏற்படுத்தியது. அங்கேயே 2010-இல் தொடங்கிய கல்வித் தலைமைக்கான மூன்றாண்டு முனைவர் படிப்பில், தொடக்கத்தில் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் பெறப்படவில்லை. மூன்றாம் ஆண்டை அவர்கள் ஒரு கல்வி அமைப்பில் பணியாற்றியே நிறைவு செய்தனர். 2007-இல் அமெரிக்காவில் தொடங்கிய கார்னகி கல்வி முனைவர் பட்டத் திட்டத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் இணைந்துள்ளன. தம் பணியிடத்தில் உள்ள ஒரு சிக்கலையே ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அத்திட்டம் வலியுறுத்தும் முறை. எங்கள் கோரிக்கைக்கு மிகவும் நெருக்கமானதும் இதுவே; பணியும் ஆய்வும் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, அரசுப் பல்கலைக்கழகங்களில் பணியிலுள்ள கல்வித் தலைவர்களுக்கெனப் பகுதிநேர இடங்களை ஒதுக்கி, கட்டணத்தை அரசே ஏற்க வேண்டுகிறோம். அதற்கு ஈடாக, பட்டம் பெற்றபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அரசுப் பள்ளிகளிலேயே பணியாற்றுவோம் என உறுதிமொழி எழுதித் தர ஆயத்தமாக உள்ளோம். பாடப்பணி வகுப்புகளை விடுமுறைக் காலத்திலும் வார இறுதியிலும் இணையவழியிலும் நடத்தவும், ஆய்வேடு எழுதும் இறுதிக் கட்டத்திலேனும் ஊதியத்துடன் படிப்பு விடுப்பு வழங்கவும், நூலகத்தின் இணையச் சேவையை வீட்டிலிருந்தே பயன்படுத்தவும் ஆணையிட வேண்டுகிறோம். மேற்படிப்பில் சேரத் துறைக்கு மறுப்பில்லை எனக் காட்டும் தடையின்மைச் சான்று கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலை மாற, விண்ணப்பத்தின்மீது முடிவெடுக்கக் காலவரம்பு விதிப்பது அவசரத் தேவை.

தரத்தில் எவ்விதத் தளர்வும் நாங்கள் கேட்கவில்லை. நுழைவுத் தேர்வு, பொது வாய்மொழித் தேர்வு, கருத்துத் திருட்டுச் சோதனை ஆகிய அனைத்தும் எங்களுக்கும் அப்படியே பொருந்தட்டும். பணம் கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்கும் வழக்கத்தால் உழைத்துப் பெற்றவரின் பட்டமும் மதிப்பிழப்பதை நாங்கள் வேதனையோடு பார்த்து வருகிறோம். ஆய்வை வழிநடத்தும் ஒரு நெறியாளரிடம் அளவுக்கு மீறி மாணவர்களைச் சேர்க்காமல், தேவையான நெறியாளர் பணியிடங்களை நிரப்பிய பின்னரே இடங்களைக் கூட்ட வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள், கல்வி அலுவலர்கள்