31 யூனிட்

பேராவூரணி
ஆடி 4, ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான். போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். பாதிப் பேச்சில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் தபால்.

போன வாரம் நீ அனுப்பிய ரீடிங்கைப் பார்த்தேன். "அப்பா, கரண்ட் பில் சீரோ! உங்க டிபார்ட்மென்டுக்கே அல்வா" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தாய். அம்மாவும் சிரித்தாள், பிள்ளைக்குச் சிக்கனம் வந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் காட்டினாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து எண்ணை மட்டும் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 31 யூனிட்.

வீட்டு இணைப்புக்கு நூறு யூனிட் இலவசம், அதனால் பில் சீரோ, அது சரி. ஆனால் 34 வருஷம் மின் வாரியத்திலேயே கிடந்தவன் கண்ணுக்கு யூனிட்தான் தெரியும், ரூபாய் அப்புறம்தான். கத்திரி வெயில் முழுக்க அடித்த இரண்டு மாதம், மேடவாக்கத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு, ஒரு ஆள் குடியிருக்கிறான், 31 யூனிட்.

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அன்று ராத்திரி உன்னை மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அயர்ன்பாக்ஸை மட்டும் போடச் சொல்லி, மீட்டரில் சிவப்பு விளக்கு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணச் சொன்னது அதற்குத்தான். அயர்ன்பாக்ஸ் 750 வாட்ஸ். உன்னுடையது யூனிட்டுக்கு 3200 தடவை மின்னுகிற மீட்டர். நிமிஷத்துக்கு 40 வர வேண்டும். நீ 39 என்றாய், நடுவில் ஒன்றை விட்டிருப்பேன் என்றாய். மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது.

சரி, அதை விடு. பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காதே, அரை அடி தள்ளியே இருக்கட்டும், பின்பக்கச் சூடு போக இடம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதே, நேரே சுவர் பிளக்கில் கொடு. பழைய பிரிட்ஜ்தான், அக்கா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஓடினால் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட்டாவது இழுத்துவிடும். ஓடினால்.

ஃபேன் 75 வாட்ஸ். எட்டு மணி நேரம் போட்டுத் தூங்கினால் ஒரு ராத்திரிக்கு அரை யூனிட்டுக்கு மேல். அறுபது ராத்திரிக்கு 36. நான் வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு வேளை சோறும் குழம்பும் வைத்தால் முக்கால் யூனிட்டாவது ஆகும். கூட்டிப் பார்த்தால் எதுவுமே 31-க்குள் அடங்கவில்லை. நேற்று இதைப் பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்ன கணக்கு என்றாள். தேங்காய்க் கணக்கு என்றேன்.

அம்மா சொல்வது, நீ கம்பெனியிலேயே ஏசியில் இருந்து சாப்பிட்டுவிட்டு ராத்திரி படுக்க மட்டும் வருகிறாய் என்று. இருக்கலாம். சனி, ஞாயிறு? நான் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, அவ்வளவுதான்.

வீட்டு விஷயமாக இன்னொன்று. நீ அங்கே பால் காய்ச்சியது எங்களுக்கு மறுநாள் போட்டோவில்தான் தெரியும். ஒற்றை அறை, ஒரு கிச்சன், இதுக்கெல்லாம் எதுக்குப்பா நீங்க அவ்வளவு தூரம் என்றாய். ஒற்றை அறையாக இருந்தால் என்ன, உன் பேரில் நீ எடுத்த முதல் வீடு. அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் கோபித்துக்கொண்டேன்.

அட்வான்ஸ் 57,000 கொடுத்தேன் என்று பிறகு சொன்னாய். ஆறு மாத வாடகை! கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாயா? படித்திருப்பாய். ஆனாலும் யாரிடமும் கை நீட்டாமல் அவ்வளவு பணத்தை நீயே சேர்த்துக் கொடுத்திருக்கிறாய். டீக்கடையில் நம் பழைய போர்மேனிடம் சொன்னேன். என் பையன் வயசுதான், இன்னும் பெட்ரோலுக்கு என்னிடம் நிற்கிறான் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எப்படிச் சேர்த்தாய் என்று அப்போது யோசிக்கவில்லை.

மீட்டர் பெட்டி தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்து சொல்லச் சொன்னேன், இன்னும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நிரம்பினால் தண்ணீர் எங்கே வரும் என்று 2023 டிசம்பர் புயலில் டிவியில் பார்த்தோம். தண்ணீர் தெருவில் ஏறும்போதே மெயினை அணைத்துவிட வேண்டும், வீட்டுக்குள் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மோட்டார் சுவிட்சைச் செருப்பில்லாமல் தொடாதே. கீழ் வீட்டுக்காரர் போடுகிறாரே என்று ஈரக்கையோடு நீயும் போடாதே. ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டித்துவிடுகிற சுவிட்ச், இருக்கிறதா? இருந்தால் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார், டப்பென்று விழ வேண்டும். இல்லாவிட்டால் ஓனரிடம் சொல்லி வைக்கச் சொல், அவர் மாட்டேன் என்றால் நான் வந்து வைக்கிறேன். செருப்பு முக்கியம். ரப்பர் செருப்பு.

இங்கே, மேட்டூர் ஜூனில் திறந்தும் நம் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கடைமடை என்றால் அப்படித்தான். கஜா புயலுக்குப் பிறகு 2019-இல் நீயும் நானும் குழி வெட்டி வைத்த தென்னங்கன்றுகளில் பதினாறு பாளை விட்டிருக்கின்றன. கிணற்று மேட்டில் உள்ளதுதான் முதலில்.

கஜா என்றதும் அந்த நாட்கள்தான் வருகின்றன. 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்தது. அன்றைக்குப் போனவன் 26 நாள் வீட்டில் படுக்கவில்லை. லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. வெளி மாவட்டத்து ஆட்கள், கேரளாவிலிருந்து வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து வயலில் இறங்கிக் கம்பம் நட்டோம். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவன் வீட்டில் 19 நாள் இருட்டு. கடைசி ஃபேஸ் நம் தெருதான், என் வீட்டுக்கு முதலில் கொடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று. நீ முதல் வருஷம். லீவில் வந்து மாட்டிக்கொண்டாய். நடுவில் ஒருநாள் துணி எடுக்க வந்தபோது சிம்னி விளக்கில் படித்துக்கொண்டிருந்தாய். கஷ்டமா இருக்காடா என்றேன். "பரவாயில்லைப்பா" என்றாய்.

எது கேட்டாலும் உனக்கு அதுதான் பதில். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? பரவாயில்லைப்பா. கொரோனாவில் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது? பரவாயில்லைப்பா. புது வீடு? அதேதான். இருட்டில் இருந்து பழகியவனிடம் போய்க் கரண்ட் கணக்குக் கேட்கிறேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன். உன் சம்பளம் கைக்கு 28,000. வாடகை 9,500. எனக்கு அனுப்புவது 12,000. மிச்சம் 6,500. அதில் தண்ணீர் கேன், போன், பஸ், பெட்ரோல். மூன்றாம் தேதி தவறாமல் பணம் வருகிறது. மழை பெய்தாலும் வருகிறது. ஒரு மாதம்கூட நாலாம் தேதி ஆனதில்லை.

மூன்று நாளாக இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இனி எழுதுவதை அம்மாவிடம் படித்துக்காட்டாதே.

அம்மாவின் 12 சவரன் உன் ஃபீஸுக்காக அடகுக்குப் போகவில்லை. உனக்கு முதல் பட்டதாரிச் சலுகை இருந்தது, மீதிக்கு என் பி.எஃப். கடன் போதுமானதாக இருந்தது. கடைசி வருஷம் கொரோனாவால் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். 2021-இல் ஒருத்தன் வந்தான். பெயர் வேண்டாம், நம் ஊரும் இல்லை. வாரியத்தில் உனக்கு வேலை வாங்கித் தருகிறேன், மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் முன்பணம் என்றான். தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் காபி குடித்துக்கொண்டே கொடுத்தேன். ரசீது கிடையாது. நாலு மாதத்தில் அவன் போன் அணைந்துவிட்டது. போலீசுக்குப் போக முடியுமா? கொடுத்தவனும் குற்றவாளிதானே.

கனெக்‌ஷனுக்கு டீக்கு மேல் வாங்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். உள்ளேயே 34 வருஷம் இருந்தவனுக்கு, அப்படியெல்லாம் நடக்காது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். நீ பரீட்சை எழுதித் தேறுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, தம்பி. அரியர் இரண்டு இருந்தது, அதை வைத்து முடிவு கட்டிவிட்டேன். பிறகு நீயாகவே அலைந்து, நீயாகவே இண்டர்வியூ கொடுத்து, 2023-இல் வேலையில் சேர்ந்தாய். சேர்ந்த மறு மாதமே வந்து, "என் படிப்புக் கடன்தானே, நான் அடைக்கிறேன்ப்பா" என்றாய். திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தோம், அம்மா உள்ளே இருந்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பணத்தில் பாதி அக்கா வீட்டு விஷயத்தில் போயிருந்தது, உனக்குத் தெரியும். வட்டி கட்ட ஆள் கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டேன்.

22 மாதம். 2,64,000 ரூபாய். தேதி போட்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு சமாதானம்தான்.

ஆகஸ்டிலிருந்து பணம் அனுப்பாதே. பாதியாவது அனுப்புகிறேன் என்று பேரம் பேசாதே. நகையை மீட்க இன்னும் 70 ஆயிரம் சொச்சம்தான், பென்ஷனில் நான் பார்த்துக்கொள்கிறேன். நகையை அம்மா கையில் கொடுக்கும் அன்றைக்கு அவளிடமும் நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே. என்னைத் திட்ட வேண்டுமானால் கடிதத்தில் திட்டு, போனில் வேண்டாம், ஸ்பீக்கர்.

பிரிட்ஜை விற்றுத்தான் அட்வான்ஸ் கட்டினாய் என்றால் சொல்லிவிடு, கோபம் இல்லை. ரிப்பேர் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஏமாறாதே, பெரும்பாலும் ரிலேதான் போயிருக்கும், சின்னச் செலவு. அடுத்த வாரம் டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். அம்மா கருவாடும் மோர்மிளகாயும் கட்டித் தருவாள். கிளாம்பாக்கத்தில் இறங்கிப் போன் செய்கிறேன். நீ லீவு போட வேண்டாம், சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

செப்டம்பரில் ரீடிங் எடுக்க வருவார்கள். அதையும் போட்டோ எடுத்து அனுப்பு. நூறைத் தாண்டினால் தாண்டட்டும், நான் கட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு: மீட்டர் பெட்டி உயரம். டேப் இல்லாவிட்டால் உன் இடுப்புக்கு மேலா கீழா என்று மட்டுமாவது சொல்.