பொட்டுக்கு வலப்பக்கம் இரண்டு முழம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மீன் பிடிக்க நீ வாங்கிய பரிசல் இரண்டும் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மூங்கில் ஒன்று, ஃபைபர் ஒன்று. விற்றவர் கிளம்பும்போது மூங்கில் பரிசலின் விளிம்பைத் தட்டி, "போற இடத்துல ஒழுங்கா இரு தாயி" என்றாராம். நீயும் உன் கூட்டாளியும் சிரித்தீர்களாம். "நானும் இதோட பேசணுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

பேசு. எப்போது பேசுவது, அது என்ன பதில் சொல்லும் என்று தெரிந்துகொண்டு பேசு.

முதலில் உன் கூட்டாளியின் சிரிப்புக்கு ஒரு பதில். பரிசலைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லும்போது யாரும் "அவள்" என்பதில்லை. "அது நல்லாத்தான் போகுது" என்பார்கள். அதனிடமே நேராகப் பேசும்போதுதான் "வாடி", "தாயி", "மகராசி" எல்லாம் வரும். வலை சிக்கிக்கொண்டால் "சனியனே". பள்ளிக்கூடத்தில் திணை வழுவமைதி படித்திருப்பீர்கள். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது. மகிழ்ச்சியிலும் கோபத்திலும் திணை மாறலாம் என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. பரிசல்காரன் தப்பாக ஒன்றும் பேசவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒகேனக்கல் பரிசலுக்கும் நம் வட ஆற்காட்டுப் பரிசலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே ஆறு. நமக்கு ஏரி. வாலாஜா பக்கத்தில் 1858-ல் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாயில் வருகிற தண்ணீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பித்தான் உன் பிழைப்பு. 2021 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளமும் வரும், ஏரிக்குள் மாடு மேய்கிற வருஷமும் வரும். ஆகவே உன் பரிசல் தண்ணீரில் இருக்கிற நாளைப் போலவே தரையில் கவிழ்ந்து கிடக்கிற நாளும் அதிகம். கெட்டுப்போவது பெரும்பாலும் தரையில்தான். தண்ணீரில் இருக்கும்போது ஒரு குறை என்றால் உன் பாதத்தை நனைத்து அதுவே சொல்லிவிடும். தரையில் கிடக்கும்போது நீயாகப் போய்க் கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. பேசுகிற பழக்கம் உள்ளவர்களின் பரிசல் நாள்பட வருவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பேசப் போகிறவன் பக்கத்தில் போகிறான், தொடுகிறான், குனிகிறான்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. உருண்டைப் பரிசலுக்கு முன் எது, பின் எது? "இடப்பக்கம் ஒழுகுது" என்றால் எந்த இடம்? அதனால் விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ட்டால் ஒரு பொட்டு வை. அதுதான் முகம். "பொட்டுக்கு வலப்பக்கம் ரெண்டு முழம், விளிம்பிலேர்ந்து ஒரு சாண் கீழே" என்று அடுத்த வருஷமும் சொல்ல முடியும். ஆயுதபூஜைக்கு மஞ்சள், குங்குமம் வைப்பதும் அந்த இடத்திலேயே இருக்கட்டும். மாலை மாட்ட ஆணி மட்டும் அடிக்காதே. பூஜை போட்ட கையோடு பரிசலை ஓட்டை போட்டவர்கள் உண்டு.

கவிழ்த்து வைத்த பரிசலைப் புரட்டும்போது "யாரு உள்ள இருக்கீங்க, எழுந்திருங்க" என்று விளிம்பைத் தட்டுகிறார்களே, அது விளையாட்டில்லை. நிழலும் ஈரமும் உள்ள இடம், தேளும் பாம்பும் ஒண்டும். உன் குரல் பாம்புக்கு அவ்வளவாக எட்டாது. தட்டும்போது மண்ணில் ஏறுகிற அதிர்வுதான் அதை நகர்த்தும். ஆகவே பேச்சோடு துடுப்பால் நாலு தட்டு பலமாகத் தட்டி, கொஞ்சம் பொறு. பிறகு உன் பக்கத்து விளிம்பைத் தூக்காதே. எதிர்ப்பக்க விளிம்பில் கட்டிய கயிற்றை இழுத்து உன்னை நோக்கிச் சாய்த்துத் தூக்கு. வாய் அந்தப் பக்கம் திறக்கும். உள்ளே இருப்பது அந்தப் பக்கமே போகும். நடுவில் பரிசலின் உடம்பு உனக்குக் கேடயம்.

மூங்கில் பரிசலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உளுத்துப் போயிருக்கியா?" உள்பக்கம் பிளாச்சுகள், அதாவது பிளந்த மூங்கில் பட்டைகள், குறுக்கும் நெடுக்குமாகப் போகிற இடங்களைக் கையால் தடவு. அரிசி மாவு மாதிரி பொடி கையில் ஒட்டினால் வண்டு இறங்கியிருக்கிறது. மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் அது வரும். மூன்று வருஷத்துக்குக் குறைந்த இளமூங்கிலில் போட்ட பிளாச்சு சீக்கிரம் போவதும் அதனால்தான். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தச் சத்தைக் கழுவிவிடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். உளுத்த பிளாச்சை அழுத்தினால் "நறுக்" என்று உள்வாங்கும், நல்லது வில் மாதிரி திருப்பித் தள்ளும். மாற்றும்போது புதுப் பிளாச்சை ஓர் இரவு ஊறவைத்து வளை. பச்சைத்தோல் பக்கம் வளைவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் வெளிநார் பிளந்து நிமிரும். கட்டுக்கு நைலான் கயிறு. கம்பி வேண்டாம், துருப்பிடித்து உறையை அறுக்கும்.

அடுத்தது தார். அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். முன்பெல்லாம் பரிசலுக்குத் தோல் போர்த்தினார்கள். இப்போது உரச்சாக்கு அல்லது பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் தார். ரோட்டுக்குப் போடும் தார் 47, 50 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் காற்றே 40-ஐத் தாண்டும். வெயிலைக் குடிக்கிற கறுப்புப் பரப்பு 60-க்கும் மேலே போகும். வெயிலில் கவிழ்த்து வைத்த பரிசலில் அடிப்பாகம் மேலே இருக்கிறது. தார் மெல்ல விளிம்பை நோக்கி வழிகிறது. மூன்று மாதத்தில் விளிம்பில் தடித்த திரள், அடிப்பாகத்தில் சாக்கின் நூல் தெரிகிற அளவு மெல்லிசு. தண்ணீரில் இறக்கிய அன்றே ஒழுகும். "போன வருஷம்தானே பூசினேன், இப்படிப் பண்றியேடி" என்று அதைத் திட்டுவார்கள். அது என்ன செய்யும்? வேப்பமரத்து நிழலில் வைத்திருந்தால் அதற்கு இந்தப் பேச்சு கேட்க வேண்டியிருக்காது. அடியில் நாலு கல் கொடுத்து விளிம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வை. கரையானும் ஏறாது, காற்றும் போகும். கல்லை மட்டும் வாரம் ஒருமுறை தட்டிப் பார். கரையான் மண்கோடு போட்டிருந்தால் உடைத்து விடு.

ஆறரை அடி அகலப் பரிசலுக்கு இரண்டு பூச்சுக்கு ஏழெட்டுக் கிலோ தார் பிடிக்கும். டின்னில் பாதிக்கு மேல் போட்டுக் காய்ச்சாதே. டின்னிலோ தாரிலோ ஈரம் இருந்தால் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். உறை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொப்புளம் விட்டுப் பிறகு உரிந்து வரும். முதல் பூச்சு மெல்லிசாக, இழுத்து. அது இறுகிய பிறகு இரண்டாவது. இளக்குவதற்கு டீசல் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதே. நாள்கணக்கில் காயாமல் வலையெல்லாம் பிசுபிசுப்பாகும். கையில் சூடான தார் பட்டால் பிய்த்து எடுக்காதே, தோலோடு வரும். குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் வைத்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போ.

பூசி முடித்தபின் இரவில் பரிசலைக் கவிழ்த்து உள்ளே டார்ச் வைத்து வெளியே இருந்து பார். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். பகலில் சோதிப்பதென்றால் மணல் மேல் நிமிர்த்தி வைத்து ஆறு குடம் தண்ணீர் ஊற்று. அடி அகலம் ஐந்து அடி இருந்தால் இரண்டு அங்குலம் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் மணல் எங்கே ஈரமாக இருக்கிறது என்று பார். கல் மேல் வைத்து ஊற்றாதே, 90 லிட்டர் கனத்தில் பிளாச்சு முறியும்.

ஃபைபர் பரிசல் பேசுகிற மொழி வேறு. அதற்கு ஒரு ரூபாய் நாணயம் வேண்டும். நாணயத்தின் ஓரத்தால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் "டக் டக்" என்று கணீரெனச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடம் "பொத் பொத்" என்னும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடு. மேல்பூச்சில் நட்சத்திர வடிவில் கீறல் இருந்தால் உள்பக்கமிருந்து அடி வாங்கியிருக்கிறது என்று சந்தேகப்படு. நங்கூரக் கல்லைத் தூக்கிப் போடுகிறவர்களின் கைங்கரியம் அது.

ஒட்டுப்போடும் கணக்கு இது. பழுதான இடத்தைச் சுற்றி மூன்று அங்குலம் வரை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து அசிட்டோனால் துடை. ஒரு சதுர அடிக்கு, 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அவ்வளவு கனமுள்ள கண்ணாடி இழைப் பாய்) மூன்று அடுக்கு வைத்தால் மேட் சுமார் 125 கிராம், அதை ஒட்டுகிற பிசினான ரெசின் 300 கிராம். இறுகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டர் கலந்த ரெசினாக வாங்கிவிடு. தனியாக வாங்கினால், அதையும் ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதே, தீயும் வெடியுமாகிவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. ஹார்டனர் வழக்கமாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு. நம் வெயிலுக்கு ஒன்று போதும், அதாவது 300 கிராமுக்கு 3 கிராம். அதற்குக் கீழே இறக்கினால் நாளைக்கும் கையில் ஒட்டும். மொத்தத்தையும் ஒரே மக்கில் கலக்கினால் அதன் சூட்டிலேயே மக்கோடு இறுகிவிடும். நூறு நூறு கிராமாக, அகலமான தட்டில் கலக்கு. விடியற்காலையில் வேலையை முடி. கண்ணாடி போட்டுக்கொள். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் கால்மணி நேரம் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு டாக்டரிடம் ஓடு.

தண்ணீரில் இறக்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி, "கனத்துட்டியா?" அதற்கு ஒரு குச்சி போதும். காற்றில்லாத காலையில், ஆளில்லாத பரிசலில், விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நாலு இடத்தில் அள. பொட்டில் தொடங்கு. ஐந்து அடி அகல அடிப்பாகம் ஒரு சென்டிமீட்டர் அமிழ ஏறத்தாழ 18 கிலோ வேண்டும். போன மாதத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், ஏறத்தாழ 36 கிலோ கனம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் உறை தண்ணீரைக் குடித்திருக்கலாம். உறையின் அடுக்குகளுக்கு நடுவில் தேங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் உறை கிழிந்திருக்கிறது. எழுதி வைத்துக்கொள். "இன்னைக்கு என்னமோ மந்தமா இருக்கா" என்று மூத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு சென்டிமீட்டரைத்தான்.

துடுப்பு உனக்குத் தெரியும். முன்பக்கம் பார்த்து, முன்னால் போட்டு உன் பக்கம் இழு. ஓரத்தில் தள்ளினால் செக்கு மாதிரி சுற்றும். படகுக்கு அடியில் நீளவாட்டில் இருக்கிற ஏராக்கட்டை இதற்கு இல்லை, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். மேல்காற்று கிளம்பினால் "மெதுவா மெதுவா" என்று அதனிடம் சொல்வதைவிடக் கரையோரம் ஒதுங்குவது உத்தமம். வலை இழுக்கும்போது இருவரும் ஒரே ஓரத்துக்குப் போகாதீர்கள். ஒருவர் இழுத்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் மண்டியிட வேண்டும். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் உன் கூட்டாளி சிரிப்பான். போடச் சொல்.

மாசிக்குப் பிறகு தண்ணீர் வற்றும்போது ஏரியில் சீமைக்கருவேல முள்கட்டை தலையெடுக்கும். முள் குத்தினால் தண்ணீரில் வைத்து முள்ளைப் பிடுங்காதே. அதுதான் அப்போதைக்கு அடைப்பு. கரைக்கு வந்து, கவிழ்த்து, காயவைத்து, பிறகு பிடுங்கி ஒட்டு.

கடைசியாக ஒன்று. விற்றவருக்கு ஒரு போன் போடு. "அண்ணே, அதைத் தண்ணியில வச்சு என்னன்னு திட்டுவீங்க?" என்று கேள். சிரிப்பார், ஆனால் சொல்வார். "எப்பப் பாரு ஒரே பக்கம் சாயுற" என்று திட்டியிருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டு, அங்கே பிளாச்சை அழுத்திப் பார். "எவ்வளவு குடிப்பே" என்று திட்டியிருந்தால் உறையை ஒரு முழம் உரித்துப் பார்க்காமல் தண்ணீரில் இறக்காதே. "சும்மா 'தாயி, தாயி'ன்னுதான் சொல்வேன்" என்று அவர் சொன்னால், கொடுத்த பணம் வீண் போகவில்லை. தார் வாங்கப் போகும்போது துடைக்க மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்து வை.

அன்புடன்,
மாமா