குஞ்சம் வைத்த கோணல் சால்வை

அன்புள்ள கயல்,

நீ கேட்ட கோணல் சால்வையின், அதாவது ஒரு பக்கம் நீண்ட முக்கோணச் சால்வையின், பின்னல் கணக்கு இதோ. படத்தைப் பார்த்து மிரளாதே. எல்லா வரிசையும் நிட்தான் (நேர்ப்பின்னல்), பர்ல் (எதிர்ப்பின்னல்) கிடையாது. கவனம் வேண்டியது நூல் அளவில்.

100 கிராமுக்கு 400 மீட்டர் வருகிற கம்பளி நூல் ஒரு பந்து போதும். இரண்டு மூன்று இழை முறுக்கியதாக வாங்கு. ஒற்றை இழை மெத்தென்றிருக்கும், ஆனால் குஞ்சம் சீக்கிரம் பஞ்சாகிவிடும். ஊசி 4 மி.மீ., 80 செ.மீ. நீள வட்ட ஊசி (இரண்டு ஊசியை வளையும் கம்பி இணைத்திருக்கும்). கிராம் காட்டும் சமையலறைத் தராசும் வேண்டும்.

முதல் வேலை குஞ்சத்துக்கு நூல் வெட்டிவைப்பது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நூல் மிஞ்சாது. 17 செ.மீ. அகல அட்டையில் நூலைச் சுற்றி ஒரு பக்கம் கத்தரித்தால் 34 செ.மீ. துண்டுகள் கிடைக்கும். இருபது இருபதாகச் சுற்று. சுற்று தடித்தால் மேல்துண்டுகள் நீண்டுவிடும். 110 துண்டு, ஏறக்குறைய 37 மீட்டர், பத்து கிராமுக்குள் அடங்கும்.

மூன்று கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) போட்டுத் தொடங்கு. முன்வரிசை: முதல் கண்ணியில் முன்னும் பின்னும் பின்னி இரண்டாக்கு, நேராகப் பின்னிப் போ, கடைசி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கு. பின்வரிசை: நேராகப் பின்னிப் போய்க் கடைசிக் கண்ணியை இரண்டாக்கு. இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். கூட்டுகிற ஓரம் மளமளவென்று நீளும், குறைக்கிற ஓரம் பின்தங்கும். கோணல் வருவது இதனால்தான்.

இந்தப் பின்னலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் முன்பக்கத்தில் ஒரு ஊக்கு மாட்டிவை. 20 வரிசையில் 13 கண்ணி, 40-ல் 23, 100-ல் 53 இருக்க வேண்டும். ஒன்று கூடினால் எங்கோ குறைக்க மறந்திருக்கிறாய். ஓரக் கண்ணியைப் பின்னாமல் நழுவவிடுகிற பழக்கம் இங்கே வேண்டாம்: இரண்டு வரிசைக்கு ஒரே வளையம் கிடைத்தால் நீள ஓரம் இழுத்துச் சுருங்கும்.

தராசில் பந்து 4 கிராம் காட்டியதும் நிறுத்து. அப்போது 160 கண்ணி அளவில் இருக்கும். கைப்பிடிப்பைப் பொறுத்துக் கூடும், குறையும். முடிக்க 5 மி.மீ. ஊசி எடு. இரண்டு கண்ணி பின்னி, இரண்டையும் இடது ஊசிக்குத் திருப்பி, பின்புற வழியாகச் சேர்த்துப் பின்னு. பிறகு ஒவ்வொன்றாக அதேபோல. இறுக்கினால் அந்த விளிம்பு படகுபோல் வளைந்துவிடும், எந்தக் குஞ்சமும் அதை மறைக்காது.

குஞ்சம் கோப்பதற்கு முன் அலசு. குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் ஊறவை, பிழியாதே, துவாலையில் சுருட்டி அழுத்து, விரித்துக் குண்டூசி குத்திக் காயவை. விளிம்பின் உண்மையான நீளம் அதற்குப் பிறகுதான் தெரியும்.

சேலை முந்தானையில் மிச்சமிருக்கும் பாவு நூலையே முடிந்துவிடுவார்கள். இங்கே தனியாகக் கோக்க வேண்டும். மூன்று கண்ணிக்கு ஒரு இடமாக, முடித்த விளிம்பில் குரோஷா ஊசியை (கொக்கி ஊசி) நுழை, வெட்டிவைத்த இரண்டு நூல் துண்டுகளைச் சேர்த்து மடித்து வளையத்தை இழு, நுனிகளை அதற்குள் விட்டு இறுக்கு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலிருந்து செய், இல்லாவிட்டால் முடிச்சுகள் வேறுவேறாகத் தெரியும். லேசாக நீர் தெளித்துக் காயவிட்டு, மேசை விளிம்பில் தொங்கவிட்டு நுனியைச் சமமாக வெட்டு. ஒரேயடியாக வேண்டாம், அரை செ.மீ. விட்டு வெட்டிப் பார்.

அன்புடன்,
அம்மா