போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே லிஸ்ட்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். வேலை லிஸ்ட் ஆப் பத்தி போட்டிருந்தீங்க, சரி, ஆனா வீட்ல ஆளுக்கொரு தினுசு போன் வச்சிருக்கவங்க எதை எடுக்கன்னு சொல்லலியே. ஐபோன்லயே வர்ற லிஸ்ட் ஆப்பான ஆப்பிள் ரிமைண்டர்ஸுக்கு ஆண்ட்ராய்டுல ஆப்பே கிடையாதுல்லா. மைக்ரோசாப்ட் டூ டூ இலவசம், ஆண்ட்ராய்டு ஐபோன் விண்டோஸ் எல்லாத்துலயும் ஓடும், லிஸ்டை ஷேரும் பண்ணலாம், நான் டவுன் ரதவீதில நிக்கையில வீட்ல இருந்து கருப்பட்டின்னு சேர்த்தா என் போன்லயும் வந்துருது, அதுக்குன்னு ஒரு போன் அடிக்க வேண்டாம் பாருங்க. மாஞ்சோலை பக்கம் போறவங்க, சிக்னல் இல்லாதப்போ எழுதினதை ஆப் வச்சிருந்து நெட் வந்ததும் ஏத்துதான்னு பாக்கணும். இன்னொண்ணு, வுண்டர்லிஸ்ட்னு இருந்த லிஸ்ட் ஆப்பை மைக்ரோசாப்ட் 2015ல வாங்கி 2020ல மூடிட்டாங்க, அதனால லிஸ்டை வெளிய எடுக்க வழி இருக்கான்னு மொதல்லயே பாத்துக்கிடுங்க.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை